தார்ப்பாய்க்குள் போன மழைமானி

சித்திரை 12, வியாழன்.

கோடை மழையை அளக்க விடாமல் இன்று நானே கெடுத்துப்போட்டேன். காலேஜ் புள்ள வசந்தி ஆராய்ச்சிக்காக நம்ம களத்தில் மழைமானி வைத்திருக்கிறது. மூணு மணிக்குப் பெருமழை வருமென்று காலையிலேயே போன் செய்தது. காயப்போட்ட தேங்காய்ப் பருப்பை மூடும்போது, பாவம், அந்தப் புள்ளயின் சாமானும் நனைய வேண்டாமென்று மழைமானியையும் தார்ப்பாய்க்குள் தள்ள ஆட்களிடம் சொன்னேன். சொன்னபடி மழை கொட்டியது. பருப்பு தப்பியது.

சாயங்காலம் வசந்தி வந்து பார்த்தது.

"ஏனுங்க, மழையளக்கற சாமானை யாராச்சும் மூடுவாங்களா? அளவில்லாம எங்க புரொபசர் ஒத்துக்க மாட்டாருங்க."

"நான் வந்து சாட்சி சொல்றேன் கண்ணு."

"சாட்சில மில்லிமீட்டர் இருக்காதுங்க."

கண் கலங்கியிருந்தது.

உடம்பெல்லாம் அசதி. பேசி முடித்தது இவ்வளவுதான்: ஐப்பசி வரை அதற்குக் களத்தில் இடம் சும்மா, வாடகை கிடையாது. மழை வருமா வராதா என்று தினமும் காலையில் எனக்கு ஒரு போன். மழைமானியை என் ஆட்கள் யாரும் தொடக்கூடாது, நானும்.