பேயாய் என்று கத்தினார்கள்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஜாதவ்பூரில் தெற்கு லோக்கல் லேட். சுமதி குடையும் ஃபிளாஸ்குமாகக் கூட வந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து வருகிறாள், இப்போது எம்.ஏ., இன்னும் விடவில்லை. கோமு வழக்கம்போல் வாசல்வரை வந்து, "வயசுப் பொண்ணுக்குச் சேத்துல என்ன வேலை? நாம பெத்தது பொண்ணா, லைன்ஸ்மேனா?" என்று புலம்பல்.

பள்ளிக்கூடக் கோப்பை, ஃபைனல். ஷாலுக்பாரா ஹைஸ்கூல் – ஹிஜல்டாங்கா ஹைஸ்கூல். அடுத்தடுத்த ஊர், நடுவில் ஒரு வாய்க்கால். பெண் கொடுக்கல் வாங்கல் உண்டு, வயல் வழக்கு உண்டு. ஃபுட்பால் என்று வந்துவிட்டால் மாமனாவது மச்சானாவது.

1–1. டிரா. மறு ஆட்டம் 15-ஆம் தேதி, சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குப் பிறகு. அதற்கும் ரெஃபரி நான்தான்.

இரண்டாம் பாதியில் ஹி. பையன் போட்ட கோலுக்கு ஆஃப்சைடு கொடுத்தேன். சுத்தமான ஆஃப்சைடு, பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தேன். திட்டுவார்கள் என்று தெரியும். குருடன், திருடன், இட்லி, எல்லாம் கேட்டுப் பழகின காது. இன்று புதிதாக ஒன்று. ஹி. பக்கம் முழுவதும் கைதட்டிக்கொண்டு, "பேயாய்! பேயாய்!" தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது. பேயாய் ஓடுகிறேன் என்கிறார்களா? அவர்களுக்கு ஏது தமிழ்! இருபது வருஷ வங்காளத்தில் இந்த வார்த்தை என்னிடம் வந்ததில்லை.

ரயிலில் சுமதியிடம் கேட்டேன். "மானே... என்னமோ கத்துறாங்கப்பா, விடுங்க." இந்தப் பெண்ணுக்கு 'மானே' போடாமல் ஒரு வாக்கியம் வராது. 'அதாவது' என்று சொன்னால் நாக்கு சுளுக்கிவிடும்.

எப்படியோ, வேறு ஆளைப் போடு என்று மட்டும் இந்த இரண்டு ஊரும் கேட்டதில்லை. எந்த வங்காளி ரெஃபரி போனாலும் யாருக்காவது ஒன்றுவிட்ட மாமனாக இருப்பான். ஒருவரைக் குளத்தில் கழுத்தளவு நிற்க வைத்தார்களாம். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட ஆரம்பித்தது. இவர்கள் ஆளும் இல்லை, அவர்கள் ஆளும் இல்லை, மதராஸி. அதுதான் என் தகுதி. அதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு, இங்கே எழுதலாம்.

பூட்ஸ் காயவில்லை. உள்ளே பேப்பர் திணித்து வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, திங்கள்

வெயில். ஆபீஸில் மின்விசிறி இல்லை, லோட்ஷெடிங். துறைமுகமே வியர்வையில்.

அடுத்த மேஜை ஹால்தாரிடம் கேட்டேன்: பேயாய் என்றால் என்ன?

"முருகேஷ்-தா, இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க, இது தெரியாதா?"

"தேவைப்படலையே."

"உங்க பொண்ணு என் பையனைக் கட்டிக்கிட்டா நீங்க எனக்குப் பேயாய், நான் உங்களுக்குப் பேயாய். யார் கூப்பிட்டது? ஸ்வீட் எங்கே?"

சம்பந்தி! ஹால்தார் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஒரு ஃபைலைத் திறந்துவைத்துக்கொண்டு மதியம்வரை ஒரே பக்கம்.

நான் ஷாலுக்பாராவுக்குச் சாதகமாக ஊதியதாகத்தான் கோபம். அப்படியானால் ஷாலுக்பாராவுக்குச் சம்பந்தி. அங்கே யார்? தபன். அந்தப் பள்ளி கேம்ஸ் டீச்சர். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, மேட்ச் முடிந்ததும் சுமதிக்கு முதல் இளநீர் வெட்டிக் கொடுக்கும் பையன். எனக்கு இரண்டாவது. ரெஃபரியின் பெண் என்று மரியாதை செய்கிறான் என்றல்லவா நினைத்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

வீட்டுக்கு வந்து கோமுவிடம் ஒரே ஒரு வார்த்தை: "தபன்?"

அரிவாள்மணையில் புடலங்காய் அப்படியே நின்றது. "அவளே சொல்லுதேன்னுதான் இருந்தா" என்றாள் கோமு.

இவளுக்கும் தெரியும்.

சுமதி வந்ததும் ஒளிக்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் ஆகிறது.

"ரெண்டு ஊருக்கும் தெரிஞ்சிருக்கு. பெத்தவனுக்குத் தெரியலை."

"மானே... அப்பா, உங்ககிட்ட சொன்னா நீங்களே மேட்ச் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துருவீங்க. உங்களுக்கு வருஷத்துல இது ஒண்ணுதானே இருக்கு. ஃபைனல் முடியட்டும்னு இருந்தோம். டிரா ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

எனக்காக மறைத்தாளாம். கோபப்படக்கூட வழி வைக்காமல் பேசுகிறாள். கோபப்பட்டேன். என்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை. சாப்பிடவில்லை. மூன்று பேரும்.

ஆகஸ்ட் 9, புதன்

மழை. செருப்பு வார் அறுந்தது.

ஹிஜல்டாங்கா பள்ளி செக்ரட்டரி ஆபீஸுக்கே வந்துவிட்டார். அரிசி மில் ஆள், வெற்றிலை வாய். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் முறை போட்டு, நல்ல விதமாகத்தான் பேசினார்.

"தாதா, நீங்க நல்ல மனுஷர். உங்க மேல ஒண்ணுமில்லை. ஆனா பேயாய் பேயாய்தானே."

"எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

அவர் சிரித்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. மரியாதையான சிரிப்பு. ஒரு தகப்பனுக்குத் தெரியாமல் இருக்குமா என்ற சிரிப்பு. அந்த ஆஃப்சைடு, என்று இழுத்தார். அது நிஜ ஆஃப்சைடு என்றேன். "சரி தாதா, சரி" என்று தோளைத் தட்டினார். என் தோளை!

அவர் போனதும் கோப்பைக் கமிட்டிக்கு டெலிபோன் போட்டு நானே விலகிக்கொண்டேன். ஹவுராவிலிருந்து யாரையோ போடுகிறார்களாம், சின்ன வயசு. அவனுக்கு ஈர மைதானம் பழக்கமா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 12, சனி

சுமதி போனாள். தபன் வந்து அழைத்துப் போனான். ரிக்‌ஷாவில் ஏறும்போது சூட்கேஸ் மூடி சரியாகப் பூட்டவில்லை. கோமு தன் பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

எடுத்துப் போனது: புத்தகங்கள், இரண்டு பட்டு, சின்ன எவர்சில்வர் தூக்கு, நல்லெண்ணெய் பாட்டில் (அங்கே கடுகெண்ணெய்தான், தலைக்குச் சூடு என்று அம்மா திணித்தது). ஃபிளாஸ்கை விட்டுப் போய்விட்டாள். வேண்டுமென்றா, மறதியா, தெரியவில்லை.

அந்தப் பையன் குனிந்து என் காலைத் தொட வந்தான். இங்கே வழக்கம். நான் காலை இழுத்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகப் போயிற்று. அவன் கை தரையில் பட்டது. அந்தத் தரையையே தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். சுமதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிக்‌ஷா போனபின் கோமு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சைவப் பிடிவாதம், சாதிப் பிடிவாதம் என்று இவள் நினைக்கிறாள். ஓரளவு இருக்கலாம். ஆனால் அதில்லை. என் பெண் கல்யாணம் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. அவள் தலையில் அட்சதை போட நான் இல்லை. அதற்குத்தான் அழுகிறேன். ஆமாம், அழுதேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மேட்ச் இல்லை. எட்டு மணிவரை படுக்கை. ஷேவ் செய்யவில்லை.

பத்து மணிக்குக் கதவு தட்டல். தபனின் அப்பா. ஷாலுக்பாராவின் போஸ்ட்மாஸ்டர். வேட்டி முழங்கால்வரை சேறு, கையில் வாழை இலை சுற்றிய ஒரு பெரிய மீன். ரோஹு. அதன் தலைக்குக் குங்குமம், மூக்கில் ஒரு பூ. சம்பந்தி வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்புவது அவர்கள் முறை. லோக்கல் ரயிலில் அத்தனை கூட்டத்தில் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு வந்திருக்கிறார், பாவம் மனுஷர். நாங்கள் மரக்கறி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் கோமு வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முட்டை உடைந்த பையைக்கூடத் தூக்கி எறிபவள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள். காபி போட்டுக் கொடுத்தாள். அவர் சூடு தாங்காமல் ஊதி ஊதிக் குடித்தார்.

"பேயாய்-மோஷாய், பதினஞ்சாம் தேதி அவசியம் வரணும். விசில் இல்லேன்னா என்ன? எங்களோட உக்காந்து பாருங்க. உங்க ஷுமொதி வழியையே பாத்துக்கிட்டு இருக்கா."

மீனைச் சுமந்து வந்த மனிதரிடம் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பார்க்கலாம் என்றேன்.

அவர் போனதும் மீன் மாடி வீட்டு வங்காளி மாஷிமாவுக்கு. கோமு கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு என் முன்னால் நின்று, நேற்றுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்:

"மீனைத் தொட்டுட்டேன். செத்தா போயிட்டேன்? நீங்க ஒரு பிள்ளையைக் காலைத் தொட விட மாட்டேங்கீய."

எழுந்து ஷேவ் செய்யப் போனேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஆபீஸ். ஹால்தார் எதுவும் கேட்கவில்லை. நல்லவர்.

போகாவிட்டால் சம்பந்தியை மதிக்கவில்லை என்பார்கள். போனால் பார் பேயாய் வந்துவிட்டார் என்பார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் ஜாண் என்ன, முழம் என்ன. போகிறேன். அவளைப் பார்க்க வேண்டும். தபனிடமும் ஒரு வார்த்தை.

லேக் மார்க்கெட்டில் முல்லைப்பூ வாங்கினேன். கோமு ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். அவள் வரவில்லையாம். "முதல்ல நீங்க போய்ச் சரி பண்ணிட்டு வாங்க."

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மழை விட்டிருந்தது. மைதானம் களிமண். கொடி, ஜிலேபி, மூங்கில் கம்பத்தில் ஒலிபெருக்கி.

எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அந்த மைதானத்தில் நடுவில்தான் நின்றிருக்கிறேன். மேற்குப் பக்கம் ஹி., கிழக்குப் பக்கம் ஷா., வேறு பக்கம் கிடையாது. போஸ்ட்மாஸ்டர் ஓடி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய் முன்வரிசையில் நாற்காலி போட்டார்.

சுமதி வந்தாள். வகிட்டில் குங்குமம், கையில் வெள்ளைச் சங்கு வளை. வேறு யாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். "அப்பா! வந்துட்டீங்களா!" என்று சிரித்ததும் என் பெண்தான். பூவை அங்கேயே தலையில் வைத்துக்கொண்டாள். அம்மா அழறாளா என்றாள். இல்லை என்று பொய். தபன் பையன்களோடு இருந்தான். முடிந்ததும் பேசலாம் என்று இருந்தேன். நன்றாக இருந்தது எல்லாம். அரைமணி நேரம் நன்றாக இருந்தது.

0–0. ஹாஃப் டைம் தாண்டி ஷா.வுக்கு ஒரு கார்னர். என் நாற்காலிக்கு எதிரேதான். பந்து உயரே வந்தது, ஷா. பையன் எழும்பினான், தலைக்கு எட்டவில்லை, கையால் தள்ளிவிட்டான். கோல். சின்ன ரெஃபரிக்கு முன்னால் நான்கு பேர் மறைத்தார்கள். அவன் விசில் ஊதி நடுக்கோட்டைக் காட்டிவிட்டான்.

என் கை மேலே போய்விட்டது. எழுந்து நின்று, "ஹ்யாண்ட்!" என்று கத்திவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கம், யாரைக் கேட்டு வருகிறது? அடுத்த கணமே கையை இறக்கினேன். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

எதிர்ப் பக்கம் கூரை பிய்ந்ததுபோல் கூச்சல்: "பேயாயே சொல்லிட்டார்! பேயாயே சொல்லிட்டார்!" ரெஃபரி என்னைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், கோலை ரத்து செய்தான். கடைசியில் ஹி. ஒன்று போட்டது. கோப்பை அவர்களுக்கு.

ஷா. ஆட்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. இரண்டு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை. சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகினார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், மெதுவாகக்கூட இல்லை: "பொண்ணு போன ஆத்திரத்தைத் தீத்துக்கிட்டார்." இன்னொரு குரல்: "நாற்காலி வேற போட்டோம்."

தபன் அழுகிற பையன்களை அணைத்துக்கொண்டு நின்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. ஹி. செக்ரட்டரி மட்டும் மைதானத்தைக் கடந்து ஓடி வந்து என் கையைக் குலுக்கினார். "இப்பதான் எங்க பழைய ரெஃபரி! அடுத்த வருஷம் நீங்கதான் தாதா!" கையைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் முகத்தில் அறையலாம் போலிருந்தது.

போஸ்ட்மாஸ்டர் கடைசிவரை மரியாதை விடவில்லை. "மழை வரும்போல இருக்கு, ரயிலைப் பிடிச்சுருங்க, பேயாய்-மோஷாய்." அவ்வளவுதான். இருந்து சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை.

சுமதி ஸ்டேஷன்வரை வந்தாள். வரப்பில் எனக்கு வழுக்கியது, முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள். பிளாட்பாரத்தில் ரயில் தெரிந்தபிறகுதான் கேட்டாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்காதீங்க. நெஜமாவே கையில பட்டுச்சா?"

"பட்டுச்சும்மா."

"சரிப்பா" என்றாள். 'மானே'கூட இல்லை. நம்பவில்லை. நான் பெற்ற பெண் என்னை நம்பவில்லை.