ஜாக்கி வைத்த இடம்

இன்று காலை ஒரு கார் என் ஷெட்டுக்குள் நுழையும்போதே இடது முன்பக்கம் டொக் டொக்கென்று அடித்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டினேன். நாலு விரல் அளவு சும்மா திரும்பிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. ஜாக்கியோடு குனிந்தவன், அதை எங்கே வைப்பது என்று தெரியாதவனைப் போல அப்படியே நின்றுவிட்டேன். நீ செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

உன் வெள்ளைக் காரை மறந்திருக்க மாட்டாய். உப்பளத்துக்கு நடுவே ஓடி ஓடி அடிப்பாகமெல்லாம் துரு. "நேரா போவ மாட்டேங்குதுடா, அறுபதத் தாண்டுனா அலையுது" என்று கொண்டுவந்தாய். டயரின் உள்பக்க ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடத்தது. உன்னை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங் போயிருக்கிறது என்று அர்த்தம். நிற்கவில்லை. போனது பால் ஜாயின்ட். ஆர்மையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற அந்த உருண்டை கழன்றுவிட்டால் சக்கரம் மடங்கிப்போகும்.

"மாத்தாம ஓட்டாத" என்றேன்.

"எவன் ஓட்டப்போறான்? வித்துடப்போறேன்" என்றாய்.

வாங்க வந்தவர் பக்கத்து ஊர் அனுமந்தைக்காரர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வாடகைக்கு ஓட்ட நினைத்தவர். "மெக்கானிக்கு ஒரு வாட்டி பாத்துச் சொல்லட்டும்" என்றார். நீ என் பக்கத்தில் வந்து மெதுவாக, "சேசிஸ்ல வைடா" என்றாய். அவ்வளவுதான். சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்தும். அந்த இறுக்கத்தில் ஜாயின்டின் ஆட்டம் வெளியே தெரியாது. இது நம் இரண்டு பேருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது.

வைத்தேன். அவரையே சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். கல் மாதிரி நின்றது.

"புது வண்டியாட்டம் இருக்குதேப்பா" என்றார்.

"எங்கூட்டுக்காரிக்கு அப்புறம் என்னை இவ்ளோ இறுக்கிப் புடிச்சது இந்த வண்டிதான்" என்றாய் நீ. மூன்று பேரும் சிரித்தோம்.

மருமகள் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தினாள். "எழுதும்மா" என்றேன்.

வண்டி கைமாறிய பன்னிரண்டாம் நாள் உப்பளத்து வளைவில் சக்கரம் மடங்கி, வண்டி பாத்திக்குள் இறங்கியது. அவருடைய இடது முழங்கால் அன்றோடு போயிற்று. ஆஸ்பத்திரிக்கு நாம் ஒன்றாகத்தான் போனோம். வெளியே வந்து, "நீ வாயத் தொறக்காத வரைக்கும் நானும் தொறக்க மாட்டேன்" என்றாய். அதைச் சினேகம் என்று எடுத்துக்கொண்டேன். பதினெட்டு வருடம் ஒரே பெஞ்சில் டீ குடித்தோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் காரியம் முடிந்ததும் அனுமந்தைக்குப் போனேன். இனி திறக்க வேண்டியது என் வாய் மட்டும்தானே. கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"உன் சினேகிதன் போன மாசிக்கு முன்னாடி இங்க வந்தான்பா. தெரிஞ்சேதான் வித்தேன்னு கால்ல விழுந்துட்டான். எழுந்திருடா, சோறு துன்னுட்டுப் போன்னேன்."

"என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"சொல்லாம? ஜாயின்ட்ல கிரீஸ அடைச்சு அவனையும் ஏமாத்திட்டேன், அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னான். நீ ஏம்பா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருக்கற? என்னாட்டம் ஏமாந்தவன்தானே நீயும்."

மீன் குழம்பு வந்தது. சாப்பிட்டேன்.

மன்னிப்புக் கேட்கப் போகும்போது என்னையும் கூப்பிட்டிருக்கலாம். மரக்காணத்திலிருந்து அனுமந்தைக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பேருக்கு இடமில்லையா? என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பாய். எப்போதும் அப்படித்தான், எனக்கும் சேர்த்து நீயே முடிவு செய்வாய். நான் உண்மையைச் சொன்னால், சாகுமுன் நீ அவர் காலில் விழுந்து சொன்னதிலும் பொய் கலந்திருந்தது என்று அந்த மனிதருக்குத் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் நான் ஏமாந்த நல்லவன். ஆனால் ஜாக்கியை வைத்தது உன் கையல்ல, என் கை.

புறப்படும்போது, "பையன் ஒரு பழைய காரு பாத்து வச்சிருக்கான். நீ வந்து பாத்தாத்தான் வாங்குவேன். வேற எவனையும் நம்பமாட்டேன்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நீ மன்னிப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். அவருடைய இந்த நம்பிக்கையை நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.