சுப்ரீம் கமாண்டர் லேபிள்

நாரணாபுரம்
12-9-1963

சிரஞ்சீவி முத்துராமலிங்கத்துக்கு உன் அப்பா மொக்கைச்சாமி ஆசீர்வதித்து எழுதுவது. எல்லாரும் சுகம் என்று தொடங்கித்தான் கை பழகியிருக்கிறது. இந்தத் தடவை அப்படி எழுத மனசு வரவில்லை.

லக்னோ மிலிடரி ஆஸ்பத்திரியிலிருந்து நீ போட்ட கார்டு வந்தது. எட்டு மாத ஆஸ்பத்திரி வாசத்துக்கு நாலு வரி. கால்விரல் ஏழு போய்விட்டதைக்கூட இரண்டாவதாகத்தான் எழுதியிருக்கிறாய். முதல் வரியில், பட்டாசுப் பெட்டியிலிருந்து என் முகத்தை எடுங்கள் என்கிறாய்.

தப்பு என்னுடையதுதான். சீனாக்காரன் சண்டையில் உன்னைக் காணவில்லை என்று தந்தி வந்த சமயம், எங்கள் அச்சாபீஸ் முதலாளி புது வெடிக்கு ராணுவப் படம் தேடிக்கொண்டிருந்தார். உன் போட்டோவை நான்தான் கொடுத்தேன். லேபிள் ஊர் ஊராகப் போகுமே, எங்காவது உன்னைப் பார்த்தவர்கள் ஒரு வார்த்தை எழுத மாட்டார்களா என்று நினைத்தேன். படம் போடுகிறவர் தொப்பியும் நட்சத்திரமும் வைத்து, கீழே சுப்ரீம் கமாண்டர் என்று எழுதிவிட்டார். நீ கிடைத்த பிறகு அதைப் பெருமையாக உனக்கே அனுப்பினேன் பார், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நிஜத்தில் சுப்ரீம் கமாண்டர் யார் என்று தனுஷ்கோடி வாத்தியாரிடம் கேட்டேன். ஜனாதிபதிதானாம். முப்படைக்கும் தலைமைத் தளபதி அவர்தானாம். என் பிள்ளையைப் பருத்திச் சட்டையோடு பனியில் உட்காரச் சொன்னது அவர்தானா என்றேன். அப்படியில்லை மொக்கைச்சாமி, பேருதான் அவருது, முடிவு பண்றது மந்திரிமாருக, படையை நடத்துறது ஜெனரலுக என்றார். அப்படியானால் யாரைக் கேட்பது என்றேன். வாத்தியார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

உன் அத்தை பஞ்சம்மாள் வேலை செய்த வெடிமருந்து ஷெட் வெடித்தபோதும் இப்படித்தான். லைசென்ஸ் ஒருவர் பெயரில். அவர் மெட்ராஸில் இருந்தார். அவர் சொல்லாமல் நானாக எதையும் எப்படிச் செய்வேன் என்று மேனேஜர் கையை விரித்தார். உள்ளே இருந்தவர்களைச் சாக்கில் அள்ளினோம். பெரிய பெயரெல்லாம் தூரத்தில்தான் இருக்கும் போலிருக்கிறது.

பின்வாங்கும் உத்தரவு மலைக்கு வரவே இல்லை, கூட இருந்த சிப்பாய் கருப்பணனைத் தோளில் போட்டுக்கொண்டு நானாகவே இறங்கிவிட்டேன், அவனும் வழியில் செத்துப்போய்விட்டான், எந்த முகத்தோடு ஊருக்கு வர என்று முடித்திருக்கிறாய். படித்துக் காட்டினேன். உன் அம்மா ஆவுடைத்தாய் ஒன்று மட்டும் சொன்னாள்: எம்புள்ள அம்புட்டு தூரம் சொமந்திருக்கான், அவனை யாரு என்ன கேக்கப் போறாக.

தீபாவளிக்கு இன்னும் ஐம்பதாயிரம் லேபிள் ஆர்டர். திங்கட்கிழமை நான் உன் படம் ஏற்றியிருந்த அச்சுக்கல்லைக் கல் தேய்க்கும் தொட்டிக்கு எடுத்துப் போனேன். மணலும் தண்ணீரும் போட்டு, மேலே இன்னொரு கல்லை வைத்துத் தேய்த்தேன். தொப்பி போயிற்று, நட்சத்திரம் போயிற்று. உன் கண் போகத்தான் நேரமானது. யாரைக் கேட்டுத் தொட்டாய், யார் உத்தரவு என்று முதலாளி கத்தினார். யாருடையதும் இல்லை என்றேன். இருபத்தாறு வருஷத்து வேலை அத்தோடு போயிற்று.

ஆகவே, உத்தரவில்லாமல் வந்தவன் என்று கூசிக்கொண்டு அங்கேயே கிடக்காதே. வீட்டில் இப்போது உன்னைப் போல இன்னொருவன் இருக்கிறான். மாரியம்மன் உன்னை நடத்திக் கொண்டுவரட்டும். நடக்க முடியாவிட்டால் எழுது, நான் வந்து சுமக்கிறேன்.

உன் அப்பா,
மொக்கைச்சாமி