குளியலறை ஃபானும் நான் ஏணியில் ஏறிய கதையும்

நோர்பரி, லண்டன்
புதன்கிழமை

அன்பு மகள் சாந்திக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், சும்மா பேச்சுக்குச் சுகம் இல்லை, உண்மையிலேயே சுகம். அங்கே பெர்த்தில் நீயும் மருமகனும் அதே போல இருக்க வேண்டும் என்று மடு மாதாவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். ஃபோனில் சொல்லப் போனால் பாதியில் நீ புத்தி சொல்லத் தொடங்கிவிடுவாய், அதனால்தான் கடிதம். கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுப் பிறகு கோபப்படு. விஷயம் இதுதான், எங்கள் குளியலறை எக்ஸோஸ்ட் ஃபானை மாற்றியாயிற்று. மாற்றினது யார் என்று நினைக்கிறாய், உன் அம்மாதான்.

அந்த ஃபான் மார்கழியில் கரகரவென்று கத்திவிட்டு நின்றுபோனது உனக்குத் தெரியும், ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுக்கச் சொல்லவில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த நாளில் இருந்து அப்பாவுக்குப் புழுக்கம் ஆகாது, நீராவி நிறைந்தால் மூச்சு முட்டுது என்று பயந்துபோவார். அதனால் கதவை அரைவாசி திறந்து வைத்துத்தான் குளிப்பார், நான் வெளியே படியில் காவல் இருப்பேன். இடைக்கிடை இருக்கிறியோ என்று கேட்பார், நான் ஓம் இருக்கிறன் என்று சொல்ல வேண்டும். மன்னாரில் கூத்தில் ராசா வேசம் கட்டின மனுசன், இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து குளிக்கும்போதெல்லாம் ராசாவின் வரவுப்பாட்டைப் பாடி அயலட்டையை எழுப்பினவர், பாட்டையே விட்டுவிட்டார். கதவு திறந்திருக்க என்னெண்டு பாடுறது என்று கேட்டார். சுவர் எல்லாம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீயும் வீட்டை விற்றுவிட்டு ஃபிளாட்டுக்குப் போங்கள், வருகிற மாதம் நான் வந்து ஒழுங்கு செய்கிறேன் என்றாய். நீ சொன்னது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை பிள்ளை. எதற்கெடுத்தாலும் எதிர்க்கதை சொல்கிற அப்பா, சரி வித்துப் போடுவம் என்று மெல்லமாய்ச் சொன்னாரே, அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது.

எலெக்ட்ரிக் வேலை செய்கிற கிருஷ்ணமூர்த்தி அண்ணை நாளைக்கு வாறன் என்றார், தவக்காலம் வந்து உயிர்ப்பு ஞாயிறும் போய் இன்னும் நாளைக்கு வாறன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பொறுத்துப் பார்த்தேன், போன சனிக்கிழமை அப்பாவையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன், தையல் நாடாவால் அளந்த அளவைச் சொல்லிப் புது ஃபான் வாங்கி வந்துவிட்டேன். அப்பா ஏணியில் கால் வைக்கக்கூடாது என்ற உன் சட்டத்தை மீறவில்லை, ஏறினது நான், அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்தார். குருத்து ஞாயிறுக்கு நான் எல்லா வாசலுக்கு மேலும் குருத்தோலைச் சிலுவை செருகுவேன் அல்லவா, குளியலறைக்கு வெளியே கதவுக்கு மேல் அதைச் செருகுகிற இடம் ஃபானுடைய சின்னச் சுவிட்ச், ஓலை அதை மூடிக்கொண்டு நிற்கும். ஓலையைப் பக்குவமாய் எடுத்து வைத்து, அந்தச் சுவிட்சையும் கீழே மெயினையும் நிறுத்திவிட்டுத்தான் கை வைத்தோம், பயப்படாதே. மூடியைக் கழற்றினதும் இத்தனை வருசத் தூசியும் பொத்தென்று அப்பாவின் மொட்டைத் தலையில் விழுந்தது. எந்த வயர் எங்கே இருந்தது என்று பழையதைக் கழற்ற முதலே அவர் என்னைப் படம் எடுக்க வைத்திருந்தார், அதைப் பார்த்துப் பார்த்துப் புதிதில் பூட்டினேன். ஒரு ஸ்குரூ போகமாட்டேன் என்று நின்றது, ஓட்டைதான் கோணல் என்றேன், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறார், ஏணியும் சேர்ந்து ஆடுகிறது. எனக்குத் திட்டவும் மனம் வரவில்லை, அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்.

எல்லாம் முடித்து, இறங்கி, கூட்டித் துடைத்து, மெயினைப் போட்டு, லைட்டையும் ஃபானையும் ஒன்றாய்ப் போடுகிற கயிற்றை இழுத்தால் லைட் எரிகிறது, ஃபான் அசையவில்லை. திரும்ப இழுத்தேன், இல்லை. அப்பாவின் முகம் வாடிப்போயிற்று. எங்கட வயசுக்கு இது வேண்டாத வேலை, பிள்ளை சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டுக் கொமட் மூடியில் இருந்துவிட்டார். அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று நான் வெளியே படிக்கு வந்தேன். புனித அந்தோனியார் தொலைந்த சாமானைத் தேடித் தருகிறவர்தான், என்றாலும் வேறு யாரைக் கூப்பிட, அவரைக் கூப்பிட்டு மன்றாடிக்கொண்டு நிமிர்ந்தால் கதவுக்கு மேலே குருத்தோலை. வேலை முடிந்த கையோடு மரியாதையாய் அதைத்தான் முதலில் செருகியிருக்கிறேன், அதற்குப் பின்னால் சுவிட்ச் நிறுத்தினபடியே இருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஓலையை விலக்கிச் சுவிட்சைப் போட்டேன், உள்ளே இருந்து சுத்துதடி சுத்துதடி என்று அப்பா கத்துகிறார். ஒரு டிஸ்யூத் தாளைத் கூட்டுகிற தும்புத்தடி நுனியில் வைத்து ஃபானுக்குக் கிட்டப் பிடித்தார், சப்பென்று ஒட்டிக்கொண்டது, எடுப்பதும் ஒட்டுவதுமாய் அன்றைக்கு முழுக்க அதுதான் அவருக்கு வேலை. மறுநாள் பின்னேரம் கிருஷ்ணமூர்த்தி அண்ணை ஒரு வழியாய் வந்து வயரை எல்லாம் திறந்து பார்த்தார், ஒரு பிழையும் இல்லை, அக்கா என்னோட வேலைக்கு வாறியளோ என்று கேட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

இனித்தான் நான் சொல்ல வந்ததே. அந்த ஞாயிறு காலையில் பூசைக்கு முன் அப்பா குளிக்கப் போனார், நான் பழக்கத்தில் படியில் போய் இருந்தேன். கதவு சாத்துப்பட்டது, பிறகு உள்ளே கொண்டி போடுகிற சத்தம் கேட்டது. கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், கூப்பிடவில்லை. அவர் கேட்காமலே, நான் இருக்கிறன் என்றேன். பதிலுக்கு ராசா வந்தார், சாந்தி. சுருதி இல்லை, பாதி வரி மறந்துபோயிற்று, ஆனால் முழுக் குரலில் வந்தார். நான் அந்தப் படியில் இருந்து அழுதேன், நல்ல அழுகை. பூசைக்குப் பிந்தித்தான் போனோம், ஃபாதர் பார்த்த பார்வையையும் பொருட்படுத்தவில்லை. திரும்பி வருகிற வழியில் அப்பா சொன்னார், பிள்ளை வந்து வீடு விக்கிற கதையை எடுத்தால் முதல் அவளைக் குளிச்சுப்போட்டு வரச் சொல்லு, பிறகு கதைப்பம் என்று. ஆகவே உன் பெட்டியில் துணியை வை, வீடு விற்கிற பேச்சை வைக்காதே. பூஞ்சணத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டேன், வெள்ளை அடிக்க மட்டும் மருமகன் வந்தால் நல்லது, அவருடைய உயரத்துக்கு ஏணியும் தேவைப்படாது.

வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உங்கள் இருவரையும் கையில் ஏந்திக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கதவைப் பூட்டாமல் குளியுங்கோ அப்பா என்று ஒவ்வொரு முறையும் ஃபோனில் சொல்வாயே, இனி அதைச் சொல்லாதே. அவர் பூட்டட்டும்.

என்றும் அன்புடன்,
உன் அம்மா
லூர்தம்மா பெனடிக்ற்