பூவுக்கு ஒரு பிலிம், முகத்துக்கு ஒரு பிலிம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்தத் தடவை அந்த இரண்டில் எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், நடுவில் வேலை இருக்கிறது என்று மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

போன மாதம் அந்தக் குளிர் ஊரிலிருந்து நீ அனுப்பிய ஏரிக்கரைப் படம் வந்தது. அப்பா பார்த்துவிட்டு, புள்ள நல்லா தேறிட்டா, கன்னத்தப் பாரு என்று சொல்லி அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தார். நான் மறுநாளே அதை உருவி எடுத்துத் தையல் கடைக்குக் கொண்டுபோனேன். ட்யூப்லைட்டை நம்பாமல் ஒவ்வொரு துணியையும் தெருவுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் நூல் சேர்ப்பேன் என்று உனக்குத் தெரியும், உன் படத்தையும் அப்படித்தான் பார்த்தேன். நீ போட்டிருப்பது நான் தைத்துக் கொடுத்த மேல்சட்டை, பழைய செங்கல் மாதிரி மங்கின சிவப்பு, அதன் மிச்சத் துண்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. படத்தில் அது மிளகாய்ப்பழமாக இருக்கிறது. துண்டை வைத்து ஒத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. சட்டையின் சிவப்பே பொய் என்றால் கன்னத்துச் சிவப்பை மட்டும் நான் எப்படி நம்புவது. அதோடு தோள் தையல். உன் தோள்முனையில் உட்கார வேண்டிய தையல் இரண்டு விரல் கீழே இறங்கிக் கிடக்கிறது, துணி தானாக வளராது, ஆள்தான் இளைத்திருக்க வேண்டும். போனில் கேட்டால் நல்லாத்தான்மா இருக்கேன், சாப்பிட்டேன்மா என்று நான் கேட்டு முடிக்கும் முன்னே சொல்லிவிடுகிறாய். அவ்வளவு வேகமாக உண்மை வராது. படத்தின் கீழ் ஓரத்தில் கேமரா பிடித்தவரின் நிழல் வேறு விழுந்திருக்கிறது, நல்ல உயரமான நிழல், அந்த விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

படத்தைத் தெருமுனை ஸ்டுடியோக்காரரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, கலர் பிலிம்ல ரெண்டு விதம் இருக்குக்கா, ஒண்ணு பூவுக்கு, ஒண்ணு மூஞ்சிக்கு என்றார். பூ, மலை, வானம் எடுக்கிற பிலிம் எல்லா நிறத்தையும் ஒரு படி தூக்கிக் காட்டுமாம், சுற்றுலா போகிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்களாம், இன்னொன்று அடக்கமானது, தோலை உள்ளபடி காட்டுமாம். பாப்பாவ எடுத்தது பூ பிலிம்தான், அதுல காய்ச்சக்காரன்கூட மாப்பிள்ள மாதிரி இருப்பான் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார். அந்த அடக்கமான பிலிமில் ஒன்று கொடுங்கள், மகளுக்கு அனுப்ப வேண்டும் என்றேன். உடனே நானூறு நம்பர் டப்பாவை நீட்டினார், நம்பர் கூடினால் மங்கின வெளிச்சத்திலும் படம் விழுமாம், வெயில் குறைந்த ஊருக்கு அதுதான் தோதாம். அந்த நம்பரில் எடுத்தால் ரவை தூவின மாதிரி பொரிப்பொரியாக வரும் என்று அவரே ஒருநாள் யாரிடமோ சொன்னதைக் காதால் கேட்டவள் நான். வெட்டவெளியில் எடுக்க நூறு நம்பர் போதாதா என்றேன். போதும் போதும் என்று நூறை எடுத்தார். இவ்வளவு சீக்கிரம் மனசு மாறுகிறவரை என்னவென்று நம்புவது. டப்பாவைத் திருப்பித் தேதி பார்த்தேன், வெயில் அடிக்கிற கண்ணாடிப் பெட்டியில் இருந்ததை வேண்டாம் என்று சொல்லி உள்ளே பிரிட்ஜில் இருந்ததைக் கேட்டு வாங்கினேன். அதையும் சோதிக்காமல் உனக்கு அனுப்புவதாக இல்லை. பூ பிலிம் ஒன்று, முக பிலிம் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். உனக்குச் சந்தேகம் முத்திப்போச்சு என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ விட்டுப்போன பழைய கேமராவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். வெள்ளைச் சுவரை ஒட்டி அப்பாவை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் கடையிலிருந்து கொண்டுவந்த நூல்கண்டுகளை வரிசையாக வைத்தேன், சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள், கடைசியில் வெள்ளை. படத்தில் வரும் நிறத்தைக் கையில் இருக்கிற கண்டோடு ஒத்துப் பார்த்தால் எந்த பிலிமின் யோக்கியதை என்ன என்று தெரிந்துவிடும் அல்லவா. ஒரு பிலிம் முடிந்ததும் அடுத்ததைப் போட்டேன். பாதியில் அப்பா கால் ஓயுது என்று உட்கார்ந்துவிட்டார், சோம்பல் என்று நினைத்து அவரை எழுப்பி நிற்க வைத்தேன். அதற்கு இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

படங்கள் வந்தன. பூ பிலிமில் நூல்கண்டுகள் நெருப்பாக எரிந்தன, வெள்ளைச் சுவரே பொன்னிறம், நடுவில் அப்பா பத்து வயது குறைந்து நின்றார். முக பிலிமில் ஒவ்வொரு கண்டும் அச்சு அசல், வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, அப்பா மட்டும் மஞ்சளாக இருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய மருந்தில் கழுவி என் தலையில் கட்டுகிறீர்களா என்று ஸ்டுடியோக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் உள்ளே போய் மஞ்சளைக் குறைத்து வேறொரு பிரதி போட்டுக் கொண்டுவந்தார். இப்ப சரியாக்கா என்றார். அப்பாவின் முகம் அழகாகத்தான் இருந்தது, சரி என்று பையில் வைக்கப் போனபோது வெள்ளை நூல்கண்டைப் பார்த்தேன். அது நீலமாக இருந்தது. சுவரும் நீலம், அப்பாவின் பனியனும் நீலம், நான் துணிக்கு நீலம் போடுவதே கிடையாது. அவர் முகத்தைச் சரியாக்க மற்ற எல்லாவற்றையும் கெடுக்க வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு பிலிமில் இல்லை.

அப்பாவுக்குப் பணிமனையில் இரவு ஷிப்ட், எனக்குப் பகல் வேலை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதெல்லாம் சமையலறைக் குண்டு பல்பின் கீழேதான், அந்த வெளிச்சத்தில் யார்தான் மஞ்சளாக இல்லை. மாடியில் வெயிலில் நிறுத்தியபோதும் நூல்கண்டைப் பார்த்தேனே தவிர மனுஷனைப் பார்க்கவில்லை. கடையிலிருந்து நேரே வீட்டுக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். கண்ணும் மஞ்சள். குடைந்து கேட்டபிறகு ஒவ்வொன்றாக வருகிறது, பல நாளாகப் பசியே இல்லையாம், உடம்பெல்லாம் அரிப்பாம், நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை உடன் வேலை செய்கிறவருக்குக் கொடுத்துவிட்டு வெறும் டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறார். நானும் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூடவே வைத்து அனுப்பியிருக்கிறேன். உன்கிட்ட சொன்னா நீ உடனே புள்ளைக்கு எழுதுவ, அவ அங்க தனியா கெடந்து பயப்படுவா என்றார். உடனே டாக்டரிடம் கூட்டிப்போனேன், கல்லீரல் வீங்கியிருக்கிறது என்றார், படுத்த படுக்கையாக ஓய்வு வேண்டும், எண்ணெய் கூடாது, இந்த மட்டிலாவது வந்தீர்களே என்றார். பயப்பட ஒன்றும் இல்லை என்றும் சொன்னார், ஆனால் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தன் பேனாவைப் பார்த்தார். இன்னும் ஒரு ரத்தப் பரிசோதனையின் முடிவு வரவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் உன் விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அப்பன் எட்டடி பாய்ந்தால் பிள்ளை பதினாறு அடி பாயும், மறைப்பதில் நீ அவரை மிஞ்சுவாய். பார்சலில் மீதமிருந்த முக பிலிமும் அந்த வெள்ளை நூல்கண்டும் இருக்கின்றன. மரத்தடியில் நின்று எடுக்காதே, இலையின் பச்சை முகத்தில் இறங்கும். சாயங்கால வெயிலும் வேண்டாம், அது எல்லோரையும் அழகாக்கிவிடும். லேசாக மேகம் மூடிய நாளாகப் பார்த்து, அதே சட்டையைப் போட்டு, பவுடர் பூசாமல், நூல்கண்டைக் கன்னத்தோடு வைத்துப் பிடித்துக்கொண்டு நில். அங்கே எங்கேயும் கழுவக் கொடுக்காதே, ரோலை அப்படியே அனுப்பு, இங்கே நான் கடை வாசலில் உட்கார்ந்து பிரதி வாங்கிக்கொள்கிறேன். படம் எடுக்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது, அவர் சொன்னதைச் சுருக்காமல் எழுது.

அப்பா படுத்தபடியே நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் படத்தையும் வச்சு அனுப்பு, அந்தப் பூ பிலிம் படத்த வை, அதுலதான் நல்லா இருக்கேன், புள்ள சந்தோஷப்படுவா என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு மற்றதைத்தான் உறைக்குள் வைத்திருக்கிறேன், அவர் மஞ்சளாக நிற்கிற படத்தை. பார்த்ததும் நீ அழுவாய் என்று எனக்குத் தெரியும். நீ அழுவாய் என்பதற்காக நான் இதை மறைக்கவில்லை. நான் அழுவேன் என்று நினைத்து நீயும் மறைக்காதே.

நோய்நொடி அண்டாமல் நீ நீடூழி வாழ வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. வேளைக்குச் சாப்பிடு. பிலிமை ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா