ஆகாயத்தில் சொன்ன பாங்கு

மருதமுனை
12.01.2025

என் கூடப்பிறந்த ராத்தாவின் மகள், அன்பு மருமகள் பஸ்மிலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் மாப்பிள்ளை றஸ்மிக்கும், மூன்று வயதுச் சிங்கக்குட்டி ஹாதிக்குக்கும் மாமாவின் துஆ.

போனில் கதைத்தால் நீ இடையில் வெட்டிவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நானும் நதீரா மாமியும் மக்காவில் உம்றா முடித்து வந்து சேர்ந்தோம். வந்தோம் என்பதைவிட வானத்திலிருந்து விழுந்து தப்பினோம் என்பதே சரி. நடுக்கடலுக்கு மேலே ஒரு பொட்டு மேகமில்லை, கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி வானம். திடீரென்று விமானம் பத்தாயிரம் அடி விழுந்தது. குப்புறவும் கவிழ்ந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளியில், காற்று அடங்கட்டும் என்று ஊரில் ஆண்கள் எழும்பி நின்று பாங்கு சொன்ன கதை உனக்குத் தெரியும்தானே? நானும் எழும்பினேன். பாங்கு சொன்னேன். காற்று வாயை மூடிக்கொண்டது! பைலட்டே வந்து கையைப் பிடித்து, "நீங்க இல்லாட்டி நாங்க இல்ல" என்றான். மாமிக்குத் தோளில் சின்னச் சுளுக்கு.

நீ எப்போது வருகிறாய்? அடுத்த மாதம் உன் உம்மாவுக்கு இதய ஒப்பரேஷன். "பேரன்ட முகத்தப் பாக்காம தியேட்டருக்குள்ள போகமாட்டன்" என்று ஒரே பிடி.

உன் மாமா
அதாவுல்லா

தோஹா
15.01.2025

அன்பு மாமா, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதம் வாசித்த கையோடு, ஊருக்கு வர எடுத்திருந்த டிக்கெட்டை நிறுத்திவிட்டேன். "உங்கட மாமாட கதையில பாதியக் கழிச்சிப் பாருங்க" என்கிறார் இவர். பாதியைக் கழித்தாலும் ஐயாயிரம் அடி இருக்குதே மாமா! மேகமே இல்லாமல் விழும் வானத்தில் என் பிள்ளையை எப்படி ஏற்றுவேன்?

நான் வரவில்லை என்று உம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். என் வாயால் ஏலாது.

பஸ்மிலா

மருதமுனை
19.01.2025

மகள் பஸ்மிலா,

ராத்தாவிடம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா. ஒப்பரேஷனும் வேண்டாமாம்.

இனி உள்ளதை எழுதுகிறேன். றஸ்மி கெட்டிக்காரன்தான், ஆனால் பாதி கழித்தால் காணாது. விமானம் கவிழவில்லை. எத்தனை அடி இறங்கியது என்று எனக்கென்ன தெரியும்? ஒரு பெரிய குலுக்கல், அவ்வளவுதான். பெல்ட் விளக்கு எரிந்தது. பணிப்பெண் "இருங்க, இருங்க" என்று கத்தினாள். நான்தான் பெல்ட்டைக் கழற்றி எழும்பினேன். "அல்லாஹு" என்பதற்குள் அடுத்த குலுக்கல். கூரையில் தலை மோதியது. திரும்பி விழுந்தது மாமியின் மேல். சுளுக்கில்லை மகள், தோள் எலும்பு உடைந்துவிட்டது. தொப்பிக்குக் கீழே என் தலையிலும் தையல் இருக்கிறது.

பைலட் வரவில்லை. அந்தப் பெண்தான் என் தலையில் துணியை அழுத்திப் பிடித்தபடி, "இந்த மாதிரிக் காத்து கண்ணுக்கும் தெரியாது, ரேடாருக்கும் தெரியாது. பிளேனுக்கு ஒண்டும் ஆகாது மாமா, எழும்பி நிக்கிற ஆளுக்குத்தான் ஆகும்" என்றாள்.

ஒன்று மட்டும் கூட்டிச் சொல்லவில்லை, வல்லாஹி. நான் மேலே போன அந்தக் கணம், யாருடையதோ தேத்தண்ணி கோப்பையை விட்டெழும்பி, உருண்டை உருண்டையாக என் முகத்துக்கு நேரே நின்றது. அதற்கப்பால், பக்கத்து வரிசையில், ஹாதிக்கின் வயதில் ஒரு காத்தான்குடிப் பிள்ளை. இடுப்பில் மூன்று விரல் அகலத்தில் ஒரு பட்டி. பிள்ளை இருந்த இடத்தை விட்டு அசையவேயில்லை. அந்தத் தேத்தண்ணியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. சுப்ஹானல்லாஹ்! அத்தனை பெரிய காற்று. அவ்வளவு சின்னப் பட்டி.

ஹாதிக்குக்கு இறுக்கிக் கட்டு. நீயும் கட்டு. விளக்கு அணைந்தாலும் கழற்றாதே.

வா மகள்.

மாமா

02.02.2025

அன்பு மாமா,

இதை விமானத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், குலுங்குகிறது. விமானத்தின் இறக்கை மெல்ல வளைந்து வளைந்து நிமிர்கிறது. பார்க்கப் பயம், பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் இது எப்படிப் போகிறது? ஹாதிக் கட்டுண்டபடியே தூங்குகிறான். இப்போது கீழே நம் நாட்டுக் கரை, வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

கட்டுநாயக்காவில் இறங்கித்தான் இதைப் படம் பிடித்து அனுப்ப முடியும். ஆகவே இது உங்கள் கைக்கு வந்தவுடன், டொக்டரிடம் திகதி கேட்கச் சொல்லி உம்மாவிடம் சொல்லுங்கள்.

பஸ்மிலா