மடித்து வைத்த பந்தல் துணி

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

பெண்ணின் தாய் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் குறைந்தால் வலியும் குறையும் என்று உங்கள் பையன் சொன்னார். குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நாம் பேசும்போது நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவள் என் பெண். நான் பத்து வார்த்தை சொன்னால் உங்களிடம் நான்குதான் வந்து சேர்கிறது. நீங்கள் எவ்வளவு நேரம் பேசினாலும் என்னிடம் வருவது, "அவங்களுக்கு ரொம்ப சந்தோஷமாம்மா" என்பது மட்டும்தான். ஒரு மனுஷி எப்போது பார்த்தாலும் ரொம்ப சந்தோஷமாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் வேலை பார்க்கும் கடை முகவரிக்கு எழுதுகிறேன். அங்கே உங்களோடு திரைச்சீலைக்குத் துணி வெட்டுகிற பெண் தமிழ் பேசுகிறவள் என்றும், உங்கள் பையன் முதல் தமிழ் வார்த்தை கற்றது அவளிடம்தான் என்றும் கேள்விப்பட்டேன்.

தங்கச்சி, உன்னை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் இதைப் படித்து அவர்களுக்குச் சொல்லம்மா. உன் பங்குக்கு நீயும் சர்க்கரை சேர்த்துவிடாதே. கசப்பாக இருந்தாலும் எழுதியபடியே சொல்.

முதலில் கல்யாண விஷயம். பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டது சின்ன விஷயம்தான். கடற்கரை ஓட்டல் ஒன்றில் வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் வந்து சேர வேண்டும். சனிக்கிழமை வெயில் இறங்கும் நேரத்தில் மணலில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது எழுந்து, பசித்தபோது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். செருப்பு வேண்டாம், பட்டு வேண்டாம், மேடை வேண்டாம், அவசரம் வேண்டாம். "எல்லாரும் சும்மா ரிலாக்ஸா இருக்கணும்மா, அவ்வளவுதான்" என்றாள் என் பெண். அவ்வளவுதானாம். எல்லோரும் சும்மா இருக்கப்போகும் அந்த இரண்டு நாளுக்காக நான் சும்மா உட்கார்ந்து மூன்று மாதம் ஆகிறது.

அவர்களுடைய சிநேகிதர்கள் ஐந்தாறு நாட்டிலிருந்து வருகிறார்கள். ஒருவர் கறி தொட மாட்டார். இன்னொருவருக்குக் கறி இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. ஒருத்திக்குக் கடலை வாசனை பட்டாலே மூச்சு முட்டுமாம். பிள்ளைகள் இருவரின் கல்யாண வாக்குறுதியையும் இரண்டு மொழியிலும் வாசிக்க வேண்டும், எந்த மொழி முதலில் என்பது இன்னும் முடிவாகவில்லை. பாட்டுக்கும் அதே கதைதான். உங்கள் பக்கத்துப் பாட்டு பாதி, எங்கள் பக்கத்துப் பாட்டு பாதி என்று பேச்சு. எந்தப் பாதிக்கு எல்லோரும் எழுந்து ஆடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஓட்டல் மேனேஜர் நல்ல மனுஷர்தான். எதைக் கேட்டாலும் பண்ணிடலாம் மேடம் என்பார். பண்ணிடலாம் என்று சொன்னது எதையும் அவர் இதுவரை பண்ணி நான் பார்க்கவில்லை. என் கொழுந்தனார் ஒருவர் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவருக்கு 'விசில்' என்று பெயர். தினமும் போன் செய்து, ஏற்பாடெல்லாம் எந்த அளவில் இருக்கிறது அண்ணி என்று கேட்பார், நான் வாயைத் திறப்பதற்குள் அறிவுரையை ஆரம்பித்துவிடுவார். வரிசை இல்லாமல் மணலில் ஆளாளுக்கு நின்றால் அது கல்யாணமா, இடைவேளையா என்பது அவருடைய பெரிய கவலை. ஒரு நாற்காலி தூக்க வாருங்கள் என்றால் மட்டும் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் என் வேலைக்கு நடுவில். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். வந்தவரை உட்காரவைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கும். நாற்காலிக்கு உறை வெள்ளையா, நீலமா என்பார்கள். போன வாரம் ஒரு பெரியவருக்கு வலக் கண் கண்ணாடியை இடப்பக்கம் மாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். படியெல்லாம் மேலே எழும்பி வருதும்மா என்று சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பார்வையை நான் வாங்கியதில்லை.

சம்பந்தி, நான் களைத்துப்போய்விட்டேன். இதை என் பெண்ணிடம் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணத்தையே சுருக்கிவிடுவாள். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இப்போது கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். தங்கச்சி, இங்கிருந்து நிதானமாகச் சொல்.

ஆரம்பத்தில் ஒரு நாள் வீடியோ போனில் முகம் பார்த்துப் பேசியபோது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். மூன்று வாரம் முன்னாலேயே இங்கு வந்து என் வீட்டில் தங்கி, பிள்ளைகள் நிற்கப்போகும் பந்தலுக்கு மேல் துணியை உங்கள் கையாலேயே தைத்துக் கட்டட்டுமா என்று கேட்டீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆனால் வாயில் வந்தது என்ன? "ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம், வேண்டாம், ஓட்டலிலேயே எல்லாம் குடுக்கறாங்க." சொல்லிவிட்டு நீங்கள் மறுபடி கேட்பதற்காகக் காத்திருந்தேன். நீங்கள் சிரித்துத் தலையாட்டினீர்கள். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. உங்களுக்கு அவ்வளவாக இஷ்டமில்லை, மரியாதைக்குக் கேட்டிருக்கிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. ஓட்டல் அறைக் கணக்கு சொல்ல உங்கள் பையன் போன் செய்தார். என் பெண் குளித்துக்கொண்டிருந்தாள், அதனால் அவரே தமிழில் பேசினார். அம்மாவுக்கு ஒரு ராத்திரி அறை போதும், சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிவிடுவார் என்றார். பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு விருந்தாளியைப் போல ஏன் அப்படி என்று கேட்டேன். அவருக்குச் சுற்றி வளைக்கிற அளவுக்கு இன்னும் தமிழ் வரவில்லை. "நீங்க வேண்டாம் சொன்னீங்க அம்மா. எங்க அம்மா துணி வாங்கிட்டாங்க. மடிச்சு வச்சிட்டாங்க" என்றார்.

அறைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மா, எங்கள் பக்கத்தில் முதல் 'வேண்டாம்' வேண்டாம் ஆகாது. ஒரு வீட்டுக்குப் போனால் டீ குடிக்கிறீர்களா என்பார்கள். தொண்டை வறண்டு கிடந்தாலும் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்போம். அட, அரை டம்ளராவது என்று அவர்கள் மறுபடி கேட்பார்கள். சிரமம் வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை கேட்காமலே கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார்கள். கேட்டதும் சரி என்று சொன்னால் அலைகிறவள் என்பார்கள் என்று சின்ன வயசிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் வேண்டாம் என்ற பிறகு திரும்பக் கேட்பது அவரை மதிக்காத காரியம் என்று உங்கள் பையன் சொன்னார். நீங்கள் என்னை மதித்தீர்கள். நான் உங்களுக்கு மரியாதை செய்தேன். இரண்டு மரியாதைக்கும் நடுவில் அந்தத் துணி அலமாரிக்குப் போய்விட்டது.

உங்கள் தையலை நான் மட்டமாக நினைத்ததாக உங்களுக்குத் தோன்றியிருந்தால், என்னை மன்னிக்க வேண்டும். தனி ஆளாக ஊசியும் நூலுமாக ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் கையால் தைக்கும் துணி. அதற்குக் கீழே நிற்க என் பெண் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஓட்டல் கொடுக்கிற துணியை நேற்று போய்ப் பார்த்தேன். ஊதா நிறம், ஓரத்தில் ஜிகினா, நடுவில் யாரோ எதையோ கொட்டிய கறை. கழுவிடலாம் மேடம் என்றார் மேனேஜர்.

அதைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்பார்கள் என்று பார்க்கத்தான் போனேன். கொஞ்சம் உட்காரலாம் என்று மணலில் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, எழுந்தால் மறுபடி வேலை இருக்கிறதே என்றுதான். ஓட்டலில் பெருக்குகிற அம்மா ஒருத்தி துடைப்பத்தோடு வந்து, என்னம்மா பண்ணுது, தண்ணி கொண்டாரட்டுமா என்றாள். ஒண்ணுமில்ல, வேண்டாம், சும்மாதான் உட்கார்ந்திருக்கேன் என்றேன். அவள் சரி என்று போய்விட்டாள். அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. தாகம் அவ்வளவு இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். உங்களை மட்டுமா அப்படித் திருப்பி அனுப்பினேன்? என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது எத்தனையோ பேர் வந்து தங்கட்டுமா என்று கேட்டார்கள். எல்லோருக்கும் அதே பதில்தான். பெண் லீவை நீட்டிக்கட்டுமா அம்மா என்று கேட்டாள். "வேண்டாம் கண்ணு, நீ கிளம்பு, எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். ஒரு தடவைதான் கேட்டாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. உங்கள் ஊரில் இத்தனை வருஷம் இருந்தவள், அம்மா சொன்ன சொல்லை அப்படியே நம்பிவிட்டாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எனக்கு அழவும் கூச்சம்.

இனிமேல் கூச்சப்பட முடியாது. அதனால் உங்கள் ஊர் முறையிலேயே, உள்ளது உள்ளபடி கேட்கிறேன். வாருங்கள் அம்மா. லீவு கிடைக்கிற அன்றே கிளம்பி வாருங்கள். துணியைக் கொண்டு வாருங்கள். என் வீட்டில் தையல் மெஷின் ஒன்று இருக்கிறது, பழசு, எண்ணெய் போட்டு வைக்கிறேன். உங்கள் முழங்காலுக்கு என் அறைக் கட்டில் உயரம் சரியாக இருக்கும், நான் கூடத்தில் படுத்துக்கொள்வேன். இதற்கு மட்டும் நீங்களும் எங்கள் ஊர் வழக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். விசில் வந்தால் நீங்கள் உங்கள் மொழியிலேயே அவரைத் திட்டலாம். யாராவது அவரைத் திட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சீக்கிரம் வர முடியாமல் போனால், பரவாயில்லை என்று எழுதத்தான் பேனா போகிறது. எழுத மாட்டேன். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் இரண்டு பேரும் ஓட்டலிலிருந்தே விமான நிலையத்துக்குக் கிளம்புகிறார்கள். சிநேகிதர்களும் அவரவர் வழியில் போய்விடுவார்கள். நான் மட்டும் பஸ் பிடித்து வீட்டுக்கு வர வேண்டும். இரண்டு மணி நேரப் பயணம்தான். கல்யாணத்தைப் பற்றி எல்லா ஏற்பாடும் யோசித்துவிட்டேன், அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் என்னால் யோசிக்க முடியவில்லை. அந்த வீட்டுக் கதவை எப்படித் திறக்கப்போகிறேன் என்றும் தெரியவில்லை.

உங்கள் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா? அந்தப் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாருங்கள். மொழிபெயர்க்க யாரும் இருக்க மாட்டார்கள். நாம் ஒன்றும் பேச வேண்டியதில்லை. ஜன்னல் பக்கம் உங்களுக்கு.

பிள்ளைகள் இருவரும் நூறு வருஷம் ஒருவரையொருவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வாழட்டும். உங்கள் முழங்கால் குணமாகட்டும்.

தங்கச்சி, படித்துச் சொல்லி முடித்ததும் அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடம்மா. இப்போதே எடுத்தால் பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதனால் பதில் வரும்வரை எடுக்காமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
சம்பந்தி